மணல்மேட்டைத் தரைமட்டமாக்கும் தோட்டங்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த மனை ஒன்று கைமாறியதும் தோட்டக்காரருக்கு முன்னால் உள்ளே நுழைவது ஜேசிபி. கடல் நோக்கி ஏறி இறங்கும் மணல்மேடு ஓரிரு நாளில் வழித்தெடுக்கப்படுகிறது. ஆளுயரத்துக்கு மேல் சுற்றுச்சுவர் எழும்புகிறது. லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, அதன்மேல் கொரியன் புல் விரித்து, ஓரமாக அலங்காரப் பனைகளை நட்டு, வாசலிலிருந்து அலை வரை நேர்க்கோடாகப் பாதை போட்டுவிட்டால் 'பீச் ஹவுஸ்' தோட்டம் தயார். அது குலைந்துபோக இரண்டு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் போதும். புல்லின் கடல்பக்க விளிம்பு கருகுகிறது. பனைகளின் மட்டைகள் ஒரு பக்கமாகக் கிழிந்து பழுக்கின்றன. சுவரடியில் மணல் குவிகிறது. மழைநீர் செம்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. உடனே தோட்டத்தை மாற்றியமைக்க ஆள் தேடுகிறார்கள். அப்போதும் பேச்சு எந்தச் செடியை எடுத்துவிட்டு எதை வைக்கலாம் என்பதைத் தாண்டுவதில்லை. செடியை மாற்றி இந்தத் தோட்டங்களைக் காப்பாற்ற முடியாது. சரிவும் காற்றும் உள்ள கடற்கரை நிலத்தில் தோட்டத்தின் விதியை எழுதுபவை நிலத்தின் ஏற்ற இறக்கமும் காற்று உள்ளே வரும் விதமும்தான். மறுவடிவமைப்பு என்பது சரிவை அப்படியே விடுவதிலும், வெட்டியிருந்தால் அதை மீண்டும் வளரவிடுவதிலும், காற்றைச் சலித்து உள்ளே அனுப்புவதிலும் தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மணல்மேடு வெறும் மண்குவியல் என்ற எண்ணமே பிழையின் தொடக்கம். அலை கரையில் போட்ட மணல் காய்ந்ததும் காற்று அதை நிலத்தை நோக்கித் தள்ளுகிறது. வழியில் அடம்பங்கொடியோ இராவணன் மீசைப் புல்லோ குறுக்கிட்டால் தரையோரம் காற்றின் வேகம் தணிந்து, மணல் அங்கேயே விழுந்து தங்குகிறது. சாதாரணச் செடியை மணல் மூடினால் அது செத்துவிடும். இவை மூட மூட மேலே எழும்பி வருகின்றன. அடம்பு கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுகிறது. இராவணன் மீசையின் முள்பந்து போன்ற விதைத்தலை காற்றில் உருண்டுபோய் அடுத்த வெற்று மணலில் முளைக்கிறது. மேட்டைக் கட்டியது காற்றும் இந்தத் தாவரங்களும் சேர்ந்துதான். புயல் வரும்போது அலை மேட்டின் அடியை அரித்து மணலை இழுத்துச் செல்கிறது. அந்த மணல் கரையோரத்துக் கடலடியில் திட்டாகப் படிந்து, அடுத்தடுத்து வரும் அலைகளைத் தொலைவிலேயே உடையவைக்கிறது. கடல் அமைதியானதும் அதே மணல் மெல்லத் திரும்புகிறது. பஞ்ச காலத்துக்கு என்று வீட்டில் வைத்திருந்த நெற்குதிர் போலக் கடற்கரை தன் மணலை மேட்டில் சேமித்து வைத்திருக்கிறது. அதைச் சமமாக்கி லாரியில் ஏற்றி அனுப்பும் வீட்டுக்காரர், அடுத்த புயலுக்குக் கரை எடுத்துக் கொடுக்க வேண்டிய கையிருப்பை விற்றுவிடுகிறார்.

இதற்கு வலுவான சான்று 2004 டிசம்பர் 26 அன்று கிடைத்தது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கரைகளை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியல் குழு 2005இல் வெளியிட்ட கட்டுரையில் யால பகுதியைக் குறிப்பிடுகிறது. கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே ஒரு தங்கும் விடுதி தன் முன்னால் இருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. அலை அந்த விடுதியை முற்றாக அழித்தது. அழகுக்காகச் செய்த ஒரு நிலவேலை உயிர்ச்சேதத்துக்கு வழிதிறந்தது என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு சான்று உண்டு. பரங்கிப்பேட்டை வட்டாரத்தின் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்த உள்ளூர் அறிவியலாளர்கள், கரையோரத் தாவரங்கள் இருந்த இடங்களில் இழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடியும் கணக்கிட்டு, கடலிலிருந்து உள்ள தூரத்தையும் நிலத்தின் உயரத்தையும் கழித்துப் பார்த்தால் தாவரத்தின் பங்கு தனியாகத் தெரியவில்லை என்று மறுத்தார்கள். இந்த விவாதத்தில் தாவரத்தின் பக்கம் நிற்பவர்களும் மறுப்பவர்களும் ஒத்துக்கொள்ளும் ஒன்று இருக்கிறது. உயரம் காப்பாற்றுகிறது. மேட்டை வெட்டிவிட்டு அதே இடத்தில் மரம் நட்டு ஈடுசெய்யலாம் என்று நினைப்பவர்கள் இந்த மறுப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

மேடு தாங்கி நிற்பது தண்ணீரையும்தான். கடற்கரை மணலில் மழைநீர் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு உப்புநீரைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. கணக்கின் மறுபக்கம் அச்சுறுத்துவது. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு அதே விகிதத்தில் ஏறத் தொடங்கும். மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு நன்னீருக்கு அங்கே இடமுண்டு. அதை வெட்டுகிறவர்கள் நீர் தங்கும் இடத்தைச் சுருக்கிவிட்டு, மிச்சமிருப்பதையும் புல்லுக்கு இறைக்கிறார்கள். சென்னையின் மே மாத வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல்வெளிக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீராவது வேண்டும். 200 சதுர மீட்டர் புல் என்பது நாளுக்கு 1,000 லிட்டர். நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்திருக்கும் அளவுகோலின்படி ஏழு பேருக்குப் போதுமான நீர் அது. பக்கத்திலேயே மீனவக் குப்பம் இருக்கிறது. அங்கே குடிநீர்க் கிணறு இதே மணலில்தான் ஊறுகிறது. ஒரு தோட்டத்தின் ஆழ்துளைக் கிணறு அக்கம்பக்கத்துக் கிணற்றை உப்பாக்குமானால், அந்தத் தோட்டம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் அதை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது காற்று. கடற்கரைக் காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்புவது எல்லோருக்கும் தோன்றும் வழி, ஆனால் அது பலன் தராத வழி. திண்மையான சுவரில் மோதும் காற்று நின்றுவிடுவதில்லை. சுவரைத் தாண்டி மேலேறி, மறுபுறம் சுழலாக இறங்கித் தரையை அறைகிறது. சுவரை ஒட்டிக் கொஞ்ச தூரம் அமைதி, அதற்கப்பால் முன்பைவிட மோசமான புரட்டல். சரிவில் இது இன்னும் கடுமையாகும். ஏனென்றால் மேட்டில் ஏறும் காற்று ஏற ஏற வேகமெடுத்து, உச்சியில் மிக வேகமாக வீசும். மணலை ஆராய்ந்த ரால்ஃப் பேக்னால்டு 1941இல் வெளியிட்ட நூலில் காட்டியபடி, நகரும் மணலின் அளவு காற்று வேகத்தின் மும்மடியை ஒட்டிக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று கிடைக்கிறது. காற்றை முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை, அதன் வேகத்தைப் பாதியாக்கினாலே மணல் பெருமளவு அடங்கிவிடும். ஏறக்குறைய பாதி இடைவெளியும் பாதி அடைப்புமாக உள்ள வேலியோ புதரோ இதைச் செய்கிறது. காற்றின் ஒரு பகுதி உள்ளே நுழைந்து செல்வதால் மறுபுறம் சுழல் எழுவதில்லை. வேலியின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை வேகம் கணிசமாகத் தணிகிறது. ஆறடித் தட்டி ஒன்று அறுபது அடிக்கு உதவும். யாழ்ப்பாணத்தின் மணற்பாங்கான ஊர்களில் கிடுகு வேலியும் பனைமட்டை வேலியும் கதியால் வேலியும் தலைமுறை தலைமுறையாக இந்தப் பணியைச் செய்திருக்கின்றன. நம் கரையிலும் ஓலைத் தட்டியும் பூவரசம் போத்தும் புதியவை இல்லை. எந்தத் திசையில் எதை வைப்பது என்பதற்கும் வெளியே எங்கும் போக வேண்டாம். வாடை எந்த மாதம் திரும்பும், கச்சான் எப்போது அனலாக வீசும், கொண்டலும் சோழகமும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதைக் குப்பத்து மீனவர்கள் ஒவ்வொரு கரைக்கும் தனித்தனியாகச் சொல்வார்கள். தோட்ட வடிவமைப்பாளர் ஒருவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த அறிவுக்குக் கொடுத்தால் தகும்.

அப்படியானால் அந்தத் தோட்டம் எப்படி இருக்கும்? கடற்கரையில் தானாக வளர்ந்த மரக்கூட்டத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் பதில் தெரியும். கடல்பக்கம் தரையோடு தரையாகவும், உள்ளே போகப் போக உயர்ந்தும், ஒரு சாய்கூரையின் வடிவில் அது நிற்கும். உடையும் அலையிலிருந்து தெறிக்கும் உப்புத்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது. மணல் உரசிக் கீறிய இலைகளில் அந்த உப்பு எளிதாக ஏறி, முதலில் விளிம்பையும் பிறகு குருத்தையும் கருக்குகிறது. முன்னால் இருப்பது வாங்கிக்கொள்வதால் பின்னால் இருப்பது பிழைக்கிறது. அந்தச் சாய்வைத் திட்டமிட்டு உண்டாக்குவதே நல்ல வடிவமைப்பு. கடலைப் பார்த்த சரிவில் அடம்பும் இராவணன் மீசையும் மட்டுமே இருக்கட்டும். அங்கே செம்மண்ணும் வேண்டாம், எருவும் வேண்டாம், சொட்டுநீரும் வேண்டாம். மேட்டின் தோள்பகுதியில் தாழை, நொச்சி, விராலி, சங்கஞ்செடி போன்ற புதர்கள். உச்சிக்குப் பின்னால், காற்று தணிந்த சரிவில், புன்னையும் பூவரசும் புங்கும் வேம்பும், நடுநடுவே பனையும். புன்னையின் தடித்த, மெழுகு பூசியதுபோல் மின்னும் இலை உப்பைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. அதன் பூ மணம் கடற்கரைக்கு உரியது. விதையிலிருந்து விளக்கெரிக்கும் எண்ணெயும் மரத்திலிருந்து படகுக்கட்டையும் எடுத்த மரபு அதற்கு உண்டு. மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை, முருங்கை என்று மனம் விரும்பும் வீட்டுச்செடிகள் எல்லாவற்றுக்கும் இந்த மூன்றாம் அடுக்கின் மறைவில் இடமுண்டு. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கடலுக்கு அருகே, மணலில், யாரும் நீர் பாய்ச்சாமல், அடர்ந்து ஒன்றோடொன்று பின்னிய பசுமை மாறாக் காடு அங்கே நிற்கிறது.

நிலவேலையில் சில நுணுக்கங்களைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது அங்கேதான். கடலுக்குப் போகும் பாதையை நேராக வெட்டக் கூடாது. நேரான பாதை காற்றுக்குக் கால்வாய். ஓரிரு ஆண்டுகளில் காற்று அதை அகழ்ந்து பள்ளமாக்கி மேட்டையே இரண்டாகப் பிளந்துவிடும். வீசும் திசைக்குச் சாய்வாக, ஒரு திருப்பமாவது வைத்து, மிதிபடும் இடத்தில் மரப்பலகை பாவினால் செடியும் தப்பும், மேடும் தப்பும். உட்காரும் இடத்தை உச்சியில் அமைக்காமல் நிலத்தைப் பார்த்த சரிவில், புதர்களின் மறைவில் அமைக்க வேண்டும். வீட்டுப்பக்கச் சரிவில் மழைநீர் ஓடி அரிக்குமானால் உயரமான தடுப்புச்சுவர் ஒன்றுக்குப் பதிலாக, முழங்கால் உயரத்துக் கல்வரப்புகளைச் சம உயரத்தில் வளைத்து வளைத்துப் போட்டு, விளிம்பில் வெட்டிவேர் நடலாம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கும் கரை இது. உயரச் சுவரின் பின்னால் தேங்கும் நீர் அதைத் தள்ளிச் சாய்க்கும், தாழ்ந்த வரப்போ நீரை மணலுக்குள் இறக்கும். நடுவதற்கு ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசி. அப்போது நட்ட கன்று பருவமழையிலேயே வேர்பிடித்துவிடும். பத்தடி மரத்தை வேரோடு பெயர்த்துவந்து கம்பி கட்டி நிறுத்துவதைவிட, இரண்டடிக் கன்றை ஓலைத் தட்டியின் மறைவில் நட்டுக் காற்றில் ஆடவிடுவது நல்லது. ஆடிய தண்டுதான் தடிக்கிறது.

இதற்கெல்லாம் காலம் பிடிக்குமே என்பது நியாயமான கேள்வி. பிடிக்கும். காற்றடிக்கும் கடலோரத்தில் தோட்டம் போட்டவர்களில் வென்றவர்கள் எல்லோரும் முதலில் காத்திருந்தவர்கள். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில், 57 பாகை வட அகலாங்குக்கும் மேலே, ஆஸ்குட் மெக்கென்சி 1862இல் இன்வெரூ தோட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பாறை முனையில் புதர் உயரத்து வில்லோவைத் தவிர மரமே இல்லை. மண்ணைக் கூடைகளில் சுமந்து வர வேண்டியிருந்தது. அவர் முதலில் வைத்தது பைன் மரங்களின் காற்றுத்தடுப்பு. அது வளர்ந்து காற்றைத் தணித்த பிறகே, நட்ட காலத்திலிருந்து பதினைந்து இருபது ஆண்டுகள் சென்றபின், மென்மையான செடிகளுக்கு வந்தார். இன்று அங்கே தென்கோளத் தாவரங்கள் செழிக்கின்றன. இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லித் தீவுகளில் அகஸ்டஸ் ஸ்மித் 1834 முதல் உருவாக்கிய டிரெஸ்கோ தோட்டமும் சரிவில் படிப்படியாக அமைந்தது. அதைக் காத்தது மான்டெரி பைன், மான்டெரி சைப்ரஸ் என்ற மரங்களின் அரண். 1990 ஜனவரிப் புயல் அந்த அரணின் பெரும்பகுதியை ஒரே வீச்சில் சாய்த்துவிட்டது. முதிர்ந்த, ஒரே வகையான மரங்களை மட்டும் நம்பினால் இழப்பும் ஒரே நாளில் வரும். இந்தப் பாடம் நம் கரையிலும் எழுதப்பட்டது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது, ஆரோவில்லில் வறண்ட செம்மண் மேட்டை மூட முதலில் நட்ட ஆஸ்திரேலிய அகேசியாக்கள் ஏராளமாக வீழ்ந்தன. அவற்றின் நிழலில் வளர்ந்த உள்ளூர்க் காட்டு மரங்கள் நின்றன, அல்லது ஒடிந்த இடத்திலிருந்து துளிர்த்தன. நமக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இருபது ஆண்டு பிடித்தது இந்த வெயிலில் அவ்வளவு பிடிக்காது. அடம்பு ஒரு பருவமழையிலேயே மணலை மூடத் தொடங்கும். நொச்சியும் பூவரசும் மூன்று நான்கு ஆண்டுகளில் ஆள் உயரம் தாண்டும்.

கடல் தெரிய வேண்டும் என்றுதானே இந்த மனையை இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோம் என்பது அடுத்த மறுப்பு. அதை நான் லேசாக ஒதுக்கவில்லை. கடலைப் பார்த்தபடி மாலையில் உட்கார்ந்திருக்க விரும்புவது தவறில்லை. அதற்கு மேட்டை வெட்ட வேண்டியதில்லை, வீட்டின் தளத்தை உயர்த்தினால் போதும். தூண்களின் மேல் எழும்பிய திண்ணையிலிருந்தோ மாடியிலிருந்தோ தாழ்ந்த அடம்புச் சரிவின் மீது பார்வை தடையின்றிப் போகும், மணலும் வெள்ளமும் கீழே போகும். முன்வரிசையில் உயரமானது எதுவும் இல்லாத வடிவமைப்பு என்பதால், சுவரும் பனை வரிசையும் மறைக்கும் அளவுக்குக்கூட இது கடலை மறைக்காது. குழந்தைகள் ஓடி விளையாடச் சமதளம் வேண்டும் என்று கேட்பார்கள். வீட்டின் நிலப்பக்கத்தில், காற்று படாத இடத்தில், சிறு முற்றம் அளவுக்குச் சமதளம் வைத்துக்கொள்ளலாம். புல்லுக்குப் பதில் பொடுதலை படரவிட்டால் மிதிபட்டும் தாங்கும், நீரும் குறைவு. அப்புறம் எதிரே பரந்த கடற்கரை இருக்கிறது, அதைவிடப் பெரிய விளையாட்டுத் திடலை எந்த வீட்டாலும் அமைக்க முடியாது. புதர் என்றால் பாம்பு என்ற அச்சமும் உண்மையானதே. தாழையையும் இராவணன் மீசையின் கூர்முனைகளையும் வாசலோரம் வைக்கச் சொல்பவர் யாரும் இல்லை. வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கு வெறும் மணலும் தாழ்ந்த செடியுமாக விட்டு, பாதைகளைத் துப்புரவாக வைத்து, எலியை வரவழைக்கும் குப்பையை அகற்றினால் அச்சத்துக்குப் பெரும்பாலும் காரணம் இராது. கழிவும் கட்டடச் சிதிலமும் குவிந்த சுவர் மூலைகளில்தான் பாம்புக்கு வேண்டிய மறைவும் இரையும் கிடைக்கின்றன.

சவுக்கை என்ன செய்வது என்பது இவற்றைவிடக் கடினமான கேள்வி. விரைவாக வளரும், உப்பைத் தாங்கும், விற்றால் பணமும் வரும். நாகப்பட்டினம் மாவட்டத்தின் நாலுவேதபதியில் 2002இல் ஒரே நாளில் 80,000க்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டுக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆழிப்பேரலை வந்தபோது அந்தப் பசுமை அரண் ஊரைக் காத்தது என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அகலமான அரணுக்குப் பின்னால் ஊர் இருந்தது, அலையின் வேகமும் குப்பைகூளமும் அங்கே தணிந்தன. ஆனால் முன்மேட்டின் உச்சியிலும் கடல்பக்கச் சரிவிலும் சவுக்கு நடுவது வேறு விஷயம். அதன் சருகு மெத்தையாகப் படிந்து கீழே அடம்பையும் இராவணன் மீசையையும் முளைக்கவிடாது. மணலைப் பிடித்து உயர்த்தும் தாவரம் போனதும், புயல் அலை வேரைத் தோண்டி மரத்தையும் மேட்டையும் ஒன்றாக எடுத்துப்போகும். சித்தாமைகள் முட்டையிட ஏறிவரும் திறந்த மணலும் அதனால் சுருங்குகிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், வரிசை வரிசையாக ஒரே இனமாக நின்ற தென்னையையும் சவுக்கையும் எப்படி வீழ்த்தியது என்பதை டெல்டா இன்னும் மறக்கவில்லை. சவுக்குக்கு இடம் மேட்டுக்குப் பின்னால்தான். புன்னையும் பூவரசும் எழும்பும் வரை நிழலும் மறைவும் தரும் துணைமரமாக, பிறகு வெட்டி எடுக்கப்படுவதாக அது இருக்கலாம்.

ஒருவருடைய மனையில் அவர் என்ன செய்தால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்குச் சட்டம் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. 1991 பிப்ரவரியில் வந்த முதல் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையே அழகுபடுத்தவும் பொழுதுபோக்குக்கும் மணல்மேடுகளை மாற்றியமைப்பதைத் தடைசெய்தது. 2011 அறிவிக்கையும் அதையே சொன்னது. 2019 அறிவிக்கை மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகை நிலத்தில் வைத்திருக்கிறது. ஆக, மேட்டை வழித்துத் தோட்டம் போடுவது ரசனைக் குறைவு என்பதோடு நிற்பதில்லை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் தடுத்துவரும் செயல் அது. மேடு மனை எல்லையோடு முடிவதும் இல்லை. ஒரு மனையில் வெட்டிய இடைவெளி வழியாகக் காற்றும் அலையும் புகுந்து பக்கத்து மேட்டைத் தின்கின்றன. தோட்ட விளக்குகளும் அப்படித்தான். தை முதல் பங்குனி வரை சித்தாமைகள் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. கடலை நோக்கி எரியும் விளக்குகள் குஞ்சுகளை நிலத்தின் பக்கம் இழுத்துச் சாகடிக்கின்றன. விளக்கைத் தாழ்த்தி வீட்டைப் பார்த்துத் திருப்பி வைப்பதற்குச் செலவே இல்லை.

சட்டம் எழுதியது போதாது. அரசு தன் தோட்டங்களில் அதைக் கடைப்பிடித்துக் காட்ட வேண்டும். கடற்கரைப் பூங்கா என்ற பெயரில் மணலைச் சமப்படுத்திக் கல் பாவிப் புல் வளர்ப்பதை உள்ளாட்சிகள் நிறுத்தினால்தான் தனியாரிடம் கேட்க முகம் இருக்கும். 2023-24 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 2,000 கோடி ரூபாயில் நெய்தல் மீட்சி இயக்கத்தை அறிவித்தது. கடற்கரையை மீட்பதற்கான அந்தப் பணத்தில் மணல்மேட்டுத் தாவரங்களுக்கான நாற்றங்கால்களும் அடங்க வேண்டும். இன்று சாலையோர நர்சரிகளில் அலங்காரப் பனை எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது, இராவணன் மீசை நாற்று கேட்டால் கிடைக்காது. அடம்பு, நொச்சி, தாழை, புன்னை, பனை ஆகியவற்றின் கன்றுகளை வனத்துறை ஆண்டுதோறும் புரட்டாசிக்கு முன்னால் கடலோர ஊராட்சிகளுக்குக் கொடுக்கட்டும். அவற்றை வளர்த்து விற்கும் வேலை மீனவப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குப் போகட்டும். கடற்கரை மனையில் கட்டட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு வரைபடத்தோடும் நிலத்தின் இப்போதைய உயரங்களைக் காட்டும் அளவைப் படமும் இணைக்கப்பட வேண்டும் என்று ஊராட்சிகளும் நகர ஊரமைப்புத் துறையும் விதி செய்யட்டும். கட்டி முடித்த பின் அதே உயரங்கள் இருக்கின்றனவா என்று அளந்து பார்த்த பிறகே பணிநிறைவுச் சான்று தர வேண்டும்.